பணம் கட்டுமுன் பதிவேட்டைப் பாருங்கள்: மூதூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: மூதூரில் இருந்து எழுதுகிறேன். வயது 20. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. உயிரியலுக்கு சி, இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் எஸ். சாதாரண தரத்தில் தமிழும் விஞ்ஞானமும் பி, கணிதமும் ஆங்கிலமும் எஸ். தாதியாக வேண்டும் என்பதுதான் ஆசை. திருகோணமலை நகரில் உள்ள ஒரு தனியார் நிலையத்தில் ஒரு வருடத் தாதியர் டிப்ளோமா இருக்கிறது. இந்த மாதமே பாதிப் பணம் கட்டினால் கழிவு தருவதாகவும், முடித்ததும் வெளிநாட்டில் வேலை எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார்கள். அப்பா நகையை அடகு வைக்கவும் தயார். அதில் சேரலாமா? அரச பயிற்சிக்கு எப்படிப் போவது? அழைப்பு வரும்வரை வீட்டில் சும்மா இருக்காமல் என்ன செய்யலாம்? தம்பி வர்த்தகப் பிரிவில் படிக்கிறான். அவனும் நேர்ஸாக முடியுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இந்த மாதம் பணம் கட்ட வேண்டாம். நகையும் வீட்டிலேயே இருக்கட்டும். அந்த நிலையம் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் படிப்பை முடித்தால் என் பெயர் இலங்கை தாதியர் பேரவையின் பதிவேட்டில் ஏறுமா?

1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது அந்தப் பேரவை. அரச வைத்தியசாலை, தரமான தனியார் வைத்தியசாலை, வெளிநாடு என்று எங்கே தாதியாக வேலை கேட்டாலும் கடைசியில் அந்தப் பதிவுதான் பார்க்கப்படும். சுவரில் மாட்டும் சான்றிதழில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும், பதிவேட்டில் ஏற முடியாதவர் தாதி அல்லர். அவரை உதவியாளராகத்தான் எடுப்பார்கள், சம்பளமும் அந்த அளவில்தான் இருக்கும். ஒரு வருடம் படித்துவிட்டு டிஸ்பென்சரிகளில் வெள்ளை உடுப்போடு ஊசி போடும் பிள்ளைகள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு மருந்து ஒவ்வாமல் ஏதாவது ஆனால் அவர்களைப் பாதுகாக்க எந்தப் பதிவும் இல்லை.

பதிவேட்டுக்குப் போகும் வழிகளில் உங்களுக்கு மிகப் பொருத்தமானது சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிதான். மூன்று வருடப் பயிற்சி. கட்டணம் இல்லை, மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. திருகோணமலைப் பிள்ளைகளுக்குக் கிட்டிய கல்லூரிகள் மட்டக்களப்பிலும் அநுராதபுரத்திலும் இருக்கின்றன. யாழ்ப்பாணம், அம்பாறை, கண்டி, குருநாகல், பதுளை, காலி, கொழும்பு ஆகிய இடங்களிலும் உண்டு. மூதூரில் இருந்து வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய்விடலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் எந்தக் கல்லூரி என்பதை அமைச்சுதான் தீர்மானிக்கும். தூரம் போக வீட்டில் சம்மதமா என்று இப்போதே பேசி வையுங்கள். அழைப்புக் கடிதம் வந்த பிறகு அதைப் பேசத் தொடங்கி, இடத்தையே இழந்த பிள்ளைகள் உண்டு.

இதற்கான அனுமதி திருகோணமலையில் கிடைக்காது. கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் நம் ஊரில் இருப்பதால் பலர் அங்கேயும் பிரதேச சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கும் அலைகிறார்கள். ஆட்சேர்ப்பைச் செய்வது கொழும்பில் உள்ள சுகாதார அமைச்சு. அறிவித்தல் அரசின் வாராந்த அறிவித்தல் இதழான வர்த்தமானியிலும் அமைச்சின் இணையத்தளத்திலும் வரும். யாரையாவது பிடித்து உள்ளே போகலாம் என்று சொல்பவருக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வராது.

அறிவித்தல் ஒவ்வொரு வருடமும் ஒரே திகதியில் வருவதில்லை. சில வருடங்கள் வராமலே போய், பிறகு இரண்டு மூன்று வருடத்துப் பிள்ளைகளைச் சேர்த்து அழைப்பதும் உண்டு. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் வர்த்தமானியைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் பார்க்கலாம். வட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். அதில் முடிவுத் திகதி வெட்டுப்பட்டிருக்கும், அல்லது அது போன வருடத்து அறிவித்தலாக இருக்கும்.

வர்த்தமானி கையில் கிடைத்ததும் வரி வரியாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில், எந்த ஆண்டின் உயர்தரப் பெறுபேறு ஏற்கப்படும் என்பது. இரண்டாவது, விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடங்களும் ஒரே தடவையில் சித்தியா என்பது. உங்கள் சி, எஸ், எஸ் மூன்றும் ஒரே தடவையில் வந்தவை என்றால் இதில் பயம் இல்லை. வயது எல்லை எந்தத் திகதியில் கணக்கிடப்படுகிறது என்பதையும், உயரம், உடல்நலம் பற்றிய நிபந்தனைகளையும் பாருங்கள். தகுதி இருப்பதும் தெரிவு செய்யப்படுவதும் வேறு வேறு. விண்ணப்பித்தவர்களை வரிசைப்படுத்த இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேறுகளை ஒப்பிடக் கணிக்கப்படும் எண்) பார்க்கப்படும். உங்கள் பெறுபேற்றுப் பத்திரத்தில் அந்த எண்ணைத் தேடிக் குறித்து வையுங்கள். கடிதத்தில் அதை எழுத மறந்துவிட்டீர்கள்.

உங்களுக்கு நான் காணும் உண்மையான சிக்கல் சாதாரண தரக் கணிதம்தான். தாதியர் ஆட்சேர்ப்பில் சாதாரண தரத்தில் ஆறு பாடச் சித்தியோடு, முக்கிய பாடங்களுக்குத் திறமைச் சித்தியும் கேட்பது வழக்கம். முதல்மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகியவைதான் அங்கே முதலில் பார்க்கப்படுகின்றன. எஸ் என்பது சாதாரண சித்தி. திறமைச் சித்தி என்றால் சி அல்லது அதற்கு மேல். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு, சாதாரண தரக் கணித எஸ் ஒன்றினால் நிராகரிக்கப்படுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிறது. அதைவிடக் கவலை, பலர் அந்தக் காரணமே தெரியாமல் அடுத்த முறையும் அதே பத்திரத்தை அனுப்புகிறார்கள்.

அடுத்த சாதாரண தரப் பரீட்சைக்கு கணிதத்தையும் ஆங்கிலத்தையும் தனியார் பரீட்சார்த்தியாக எழுதுங்கள். 20 வயதில் மீண்டும் சாதாரண தரமா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். சாதாரண தரத் தகைமையை எத்தனை தடவைகளில் பெற்றிருக்கலாம் என்பதற்கு வர்த்தமானியில் எல்லை இருக்கும். எனவே இந்தத் தடவையை ஒழுங்காகப் படித்து எழுதுங்கள், சும்மா எழுதிப் பார்ப்போம் என்று ஒரு தடவையை வீணாக்க வேண்டாம். அடுத்தது, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் பெறுபேறு வெளிவந்திருக்க வேண்டும். எழுதிவிட்டேன், பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன் என்பது ஏற்கப்படாது.

ஆவணங்களை இந்த மாதமே சேர்க்கத் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பரீட்சைத் திணைக்களம் தரும் இரண்டு பெறுபேற்றுச் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரமும் நற்சான்றும், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு கிராம உத்தியோகத்தர் சான்றிதழ். கிராம உத்தியோகத்தர் சான்றிதழை மட்டும் அறிவித்தல் வந்த பிறகு எடுங்கள், அது பழையதாக இருந்தால் எடுபடாது. எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி உங்கள் பெயரை ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து, தகப்பன் பெயர் ஒன்றில் முழுதாக, மற்றதில் முதலெழுத்து மட்டும் என்று இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். இடம்பெயர்ந்த குடும்பங்களில், பின்னாளில் எடுத்த பத்திரங்களில் இது இன்னும் அதிகம். சிறிய வேறுபாடு என்றால் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைக்கலாம். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்த வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் செல்லும். நேர்முகப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னர் ஓடினால் நடக்காது.

விண்ணப்பம் தபாலிலா இணையவழியிலா என்பது அந்தந்த அறிவித்தலில் இருக்கும். தபால் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இணையவழி என்றால் சமர்ப்பித்த பிரதியை அச்செடுத்து வையுங்கள். கொமியூனிக்கேஷன் கடையில் நிரப்பக் கொடுத்தால் பக்கத்தில் இருந்து பாருங்கள். கடைக்காரர் தன் தொலைபேசி இலக்கத்தைப் போட்டு அனுப்பியதால் அழைப்பு வந்தும் தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

இனி உள்ளே போன பிறகு. மூன்று வருடமும் வகுப்பறை அல்ல. முதல் மாதங்களில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், தாதியியல் அடிப்படை என்று படிப்பு அதிகம். பிறகு மருத்துவ வாட்டு, சத்திரசிகிச்சை வாட்டு, குழந்தைகள், மகப்பேறு, உளநலம், சமூக சுகாதாரம் என்று மாறி மாறிப் பயிற்சி. அரச வைத்தியசாலையின் வழமையான கடமை நேரம் காலை 7 முதல் பகல் 1 வரை, பகல் 1 முதல் இரவு 7 வரை, இரவு 7 முதல் காலை 7 வரை. பயிற்சியின்போதே இதற்கு உடம்பு பழக வேண்டும். நோயாளியின் மலசலம் எடுப்பதும், படுக்கைப் புண் கழுவுவதும், இறந்தவரின் உடலைச் சுத்தம் செய்து ஒப்படைப்பதும் இந்த வேலையின் பகுதி. இவை தெரிந்தும் உங்களுக்கு விருப்பம் இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

கணிதத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வர்த்தமானி மட்டும் காரணம் அல்ல. ஒரு உதாரணம். 500 மில்லிலீற்றர் சேலைனை 6 மணித்தியாலத்தில் ஏற்றச் சொல்லி வைத்தியர் எழுதியிருக்கிறார். சாதாரண சேலைன் செற்றில் (ஏற்றும் குழாயில்) ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 துளி. 6 மணித்தியாலம் என்பது 360 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 27.8, அதாவது 28 துளி. இதைக் கணக்கிடாமல் கண்மதிப்பில் 60 துளிக்கு விட்டால் போத்தல் மூன்று மணித்தியாலம் ஆகுமுன் முடிந்துவிடும். இளம் நோயாளிக்கு அது பெரிய விடயமாகத் தெரியாது. இதயம் பலவீனமான ஒரு முதியவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். குழந்தைகள் வாட்டில் பாவிக்கும் நுண்துளிச் செற்றில் ஒரு மில்லிலீற்றருக்கு 60 துளி. செற்றை மாற்றிப் பிடித்தால் கணக்கு மூன்று மடங்கு பிசகும்.

மருந்தளவும் அப்படித்தான். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் என்றால் 180 மில்லிகிராம். பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருந்தால் கொடுக்க வேண்டியது 7.5 மில்லிலீற்றர். டிகொக்சின் என்ற இதய மருந்தில் 62.5 மைக்ரோகிராம் என்பது 0.0625 மில்லிகிராம். ஒரு பூச்சியத்தை விட்டு 0.625 என்று எழுதினால் பத்து மடங்கு மருந்து, உயிருக்கே ஆபத்து. தசமமும் விகிதமும் சாதாரண தரப் பாடம்தான். கல்குலேற்றர் இல்லாமல் இப்படி நாளுக்குப் பத்துக் கணக்குச் செய்து பழகினால் பரீட்சைக்கும் உதவும், வாட்டுக்கும் உதவும்.

மொழி விடயம் உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். நோயாளர் பத்திரமும் மருந்துச் சீட்டும் பாடப் புத்தகமும் ஆங்கிலத்தில். ஆங்கில எஸ்ஸோடு உள்ளே போகும் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் அழுவது பெரும்பாலும் இதனால்தான். நியமனம் நாட்டின் எந்தப் பகுதியிலும் கிடைக்கலாம் என்பதால் சிங்களமும் தேவை. அரச ஊழியர்களுக்கு இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சி கேட்கப்படுவதால் அது பிற்காலத்திலும் பின்தொடரும். "எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, சாப்பிட்டீர்களா, மலம் போனதா" என்பதைச் சிங்களத்தில் கேட்டு, வரும் பதிலையும் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டால் கந்தளாயில் போட்டாலும் அநுராதபுரத்தில் போட்டாலும் சமாளிக்கலாம். பயிற்சியில் சேரும்போது, முடித்த பின் அரச சேவையில் குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாக ஒப்பந்தமும் எழுதுவீர்கள். இடையில் விட்டுப் போனால் பணம் கட்ட வேண்டி வரும். பிணை நிற்பவரிடம் இதை மறைக்காமல் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

பல்கலைக்கழக வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாதியியல் சிறப்புப் பட்டம் நான்கு வருடம். கிழக்குப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, ருகுணு, கொழும்பு ஆகியவற்றில் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழமையான விண்ணப்பத்தில், மாவட்ட இசட் புள்ளியின்படி தெரிவு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருப்பதால் இங்கேயே தாதியியல் படிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவப் பக்கத்தில் இங்கே உள்ளது சித்த மருத்துவம். தாதியியல் மட்டக்களப்பு பிள்ளையாரடியில் உள்ள சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில். உங்கள் பெறுபேற்றோடு இந்த முறை இடம் கிடைப்பது கடினம். உயர்தரத்தை மூன்று தடவையும் எழுதி முடிக்காமல் இருந்தால் இன்னும் வாய்ப்பு உண்டு, ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம். டிப்ளோமா வழியில் போய்ப் பதிவு பெற்ற தாதிக்கு, வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் எடுக்கும் வழி இருக்கிறது. ஆகவே பட்டம் இப்போது கிடைக்காவிட்டால் எப்போதும் கிடைக்காது என்று இல்லை.

தனியார் பக்கத்தில் பட்டம் வழங்கும் நிறுவனங்களும் உண்டு, பெரிய தனியார் வைத்தியசாலைகள் தங்கள் தேவைக்கென நடத்தும் மூன்று வருடப் பயிற்சிகளும் உண்டு. கட்டணம் செலுத்திப் படிக்கும் தாதியியல் பட்டம் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. இவற்றில் சேருமுன் பட்டம் என்றால் அதற்கு அரச அங்கீகாரம் உண்டா என்பதையும், எதுவானாலும் தாதியர் பேரவை அந்தக் கற்கைநெறியை ஏற்கிறதா என்பதையும் நேரடியாகக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். நிலையத்தின் வரவேற்பு மேசையில் கேட்பது போதாது. பேரவைக்கே எழுதிக் கேளுங்கள்.

இனி உங்கள் நகரத்து நிலையம். அங்கே போய் சில விடயங்களை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் எல்லோரும் நல்லவர்கள்தான். தாதியர் பேரவையில் பதிவு கிடைக்குமா? எந்த வைத்தியசாலையில், எத்தனை மணித்தியாலம் நோயாளிகளோடு பயிற்சி, அந்த வைத்தியசாலையோடு எழுதிய உடன்படிக்கையின் பிரதி எங்கே? இடையில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும்? மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு என்று சுவரில் மாட்டியிருந்தால், பதிவு நிலையத்துக்கா, இந்தக் கற்கைநெறிக்கா என்று கேளுங்கள். நிலையம் பதிவு பெற்றிருக்கலாம், ஆனால் அந்தக் கற்கைநெறிக்குத் தரச்சான்று இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் முடிவில் என்.வீ.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் கிடைக்காது. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் தேடிப் பார்க்கலாம். மூலச் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் அவர்களிடம் விட்டு வராதீர்கள். "இந்த மாதம் கட்டினால் கழிவு" என்பது நீங்கள் இவற்றைக் கேட்டு முடிக்குமுன் பணத்தை வாங்கும் வழி.

வெளிநாட்டு வேலை உத்தரவாதம் பற்றி: பயிற்சி நிலையம் ஒன்றுக்கு வெளிநாட்டு வேலை கொடுக்கும் அதிகாரம் இல்லை. தனியாரில், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர் மட்டுமே ஆள் அனுப்பலாம். அந்த இலக்கத்தைக் கேட்டு, பணியகத்தில் சரிபாருங்கள். தாதியாக வெளிநாடு போகும் வழி எவ்வளவு கறாரானது என்பதைப் பார்த்தாலே இந்த விளம்பரத்தின் பெறுமதி விளங்கும். பிரித்தானியாவில் பதிவு பெற, கணினிவழித் தேர்வு ஒன்றும் செயன்முறைத் தேர்வு ஒன்றும் சித்தியடைய வேண்டும். ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதினால் கேட்டல், வாசிப்பு, பேச்சு ஆகியவற்றில் 7, எழுத்தில் 6.5. வளைகுடா நாடுகளுக்கு புரோமெற்றிக் என்ற உரிமப் பரீட்சை, அதோடு டேற்றாபுளோ என்ற சான்றிதழ்ச் சரிபார்ப்பு. அவர்கள் உங்கள் கல்லூரிக்கும் தாதியர் பேரவைக்கும் நேரே எழுதிக் கேட்பார்கள். ஒரு வருடச் சான்றிதழ் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அதே நேரம், பராமரிப்பாளர் வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. முதியோரையும் நோயாளரையும் வீட்டில் பார்க்கும் வேலைக்கு என்.வீ.கியூ. மட்டத்தில் பராமரிப்பாளர் கற்கைநெறி இருக்கிறது. அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் செலவு மிகக் குறைவு. நாட்டிலும் வெளியிலும் வேலை உண்டு. அதைப் படித்தவர் தாதியாகப் பதவி உயர்த்தப்பட மாட்டார் என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும். வைத்தியசாலையின் சுகாதார உதவியாளர் வேலைக்கும் இதே கதைதான். உங்கள் காத்திருப்புக் காலத்தில் இப்படி ஒரு கற்கைநெறி மூதூரிலோ நகரிலோ குறைந்த செலவில் கிடைத்தால் போங்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதும், உணவூட்டுவதும், பிறசர் பார்ப்பதும் கைக்கு வந்துவிடும். அதோடு இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும்.

காத்திருக்கும் காலத்தின் மற்ற வேலைகள்: சாதாரண தரக் கணிதம், ஆங்கிலம் இரண்டுக்கும் முன்னுரிமை. செஞ்சிலுவைச் சங்கத்தின் திருகோணமலைக் கிளையில் முதலுதவிப் பயிற்சி நடக்கும்போது சேருங்கள். குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து, ஹெப்பற்றைற்றிஸ் பி போடப்பட்டதா என்று பாருங்கள். பதிவு இல்லை என்றால் முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. கடைசி ஊசி போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகு (mIU) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வாட்டில் முதல் தடவை ஊசி கையில் குத்தும்போது இந்தப் பத்திரம் உங்களிடம் இருந்தால் அன்றிரவு நித்திரை வரும். ஊசியைப் பாவித்த பின் மூடியைத் திரும்பப் போடும்போதுதான் அதிகம் குத்துகிறது, அதனால் மூடாமல் நேரே கூர்ப்பொருள் பெட்டியில் போட வேண்டும் என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

தாதியர் வர்த்தமானியோடு குடும்ப நல உத்தியோகத்தர் அறிவித்தலையும் கவனியுங்கள். பெண்களுக்கான ஒன்றரை வருடப் பயிற்சி, ஒரு பகுதி கல்லூரியில், மிச்சம் களத்தில். மூதூர், ஈச்சிலம்பற்று போன்ற பக்கங்களில் வீடு வீடாகக் கர்ப்பிணிகளைப் பார்ப்பவர்கள் இவர்கள்தான். வாட்டை விட ஊருக்குள் வேலை செய்வது பிடித்தவர்களுக்கு நல்ல தொழில். இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஒன்றுக்குச் சேர்ந்து ஒப்பந்தம் எழுதிவிட்டு மற்றதற்கு மாறுவதுதான் சிக்கல்.

தம்பிக்கு: ஆண்களும் அரச தாதியர் பயிற்சிக்குச் சேரலாம், ஆனால் அவர்களுக்கான இடங்கள் மிகக் குறைவு. அதைவிட முக்கியமாக, வர்த்தகப் பிரிவு உயர்தரத்தோடு தாதியர் கல்லூரிக்கு வழக்கமாக விண்ணப்பிக்க முடியாது. உண்மையிலேயே ஆசை என்றால், உயர்தரத்தின் முதல் வருடத்தில் இருக்கும்போதே உயிரியல் பிரிவுக்கு மாறுவதைப் பற்றி அதிபரோடு பேச வேண்டும். அவனுடைய சாதாரண தரக் கணிதமும் விஞ்ஞானமும் சி அல்லது மேலே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மூதூரில் இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் இருக்கும் பாடசாலை எது என்பதை விசாரித்த பிறகு முடிவெடுக்கட்டும். இரண்டாம் வருடத்துக்குப் போய்விட்டான் என்றால் வர்த்தகத்தை முடிக்க விடுங்கள்.